எட்டு கேலன் இருப்பு

பெட்ரோல் விலையில் பத்துக் காசைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது நாகையா பயந்துபோனான்.

விலை குறைந்தால் ஆட்கள் வருவார்கள். வந்தால் பெட்ரோல் கேட்பார்கள். அவன் பம்பில் பெட்ரோல் இல்லை. போன தீபாவளியிலிருந்தே இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் குவார்ட்டர்ஸுக்கு எதிரே இருந்த அந்தப் பம்பை வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடினான். ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். நாகையா அதுவரை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் பட்டாளத்தின் சமையற்கட்டாக மாறிய பிறகு அவனுக்குப் பம்பில் வேலை கிடைத்தது. சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டை இருக்கும்வரை அவனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போக முடியாது. அவன் தெருவில் அட்டை இல்லாத பதினோரு பேர் போயிருந்தார்கள். ஒருவரிடமிருந்தும் கடிதம் வரவில்லை.

ஆகவே பெட்ரோல் தீர்ந்த அன்று அவன் அதை வெளியே சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் இருப்பு எவ்வளவு என்று ஆபீசுக்கு ஒரு தாள் அனுப்ப வேண்டும். முதல் வாரம் நாற்பது கேலன் என்று எழுதினான். உண்மைபோல் தெரியட்டும் என்று வாரத்துக்கு இரண்டு கேலனாகக் குறைத்துக்கொண்டு வந்தான். எட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதமாக எட்டிலேயே நின்றான்.

“இல்லைன்னு எழுதிட்டா என்ன?” என்று சீதாலெட்சுமி கேட்டாள். அவன் மனைவி. பம்பை ஒட்டிய வீட்டு வாசலில் தையல் மிஷினை வைத்து யாருடைய திரைச்சீலையையோ ரவிக்கையாக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு அரிசி வருவது அந்த மிஷினால்தான்.

“காலிப் பம்புக்குக் காவல் எதுக்குன்னு கேப்பான்.”

“கேட்டா?”

“கேக்கிறதோட நிறுத்த மாட்டான்.”

ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாளை முன்னிட்டு என்று பலகையில் சாக்கட்டியால் எழுதி, புது விலையையும் எழுதினான். மத்தியானத்துக்குள் மூன்று பேர் வந்தார்கள். மறுநாள் பதினைந்து பேர். பெர்மிட் இல்லாமல் ஊற்ற முடியாது என்று சொல்லி அனுப்பினான். ஆபீசில் ஒரு பெர்மிட் வாங்க எப்படியும் ஒரு மாதம் ஆகும் என்பது அவன் கணக்கு. சாயந்திரமே அத்தனை பேரும் பெர்மிட்டோடு திரும்பி வந்தார்கள்.

“கேட்டவுடனே போட்டுக் கொடுத்துட்டாங்க லா. உக்காரக்கூடச் சொல்லலை,” என்றான் தம்புசாமி. கிள்ளானிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவரும் லோரிக்காரன்.

இன்று போய் நாளை வாருங்கள் என்று நாகையா அவர்களை அனுப்பினான். இரவெல்லாம் யோசித்தான். மலிவாக இருப்பதால்தானே வருகிறார்கள். விலையில் கை வைக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் வரியைப் பற்றி உத்தரவில் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் விலைக்குக் கீழே இன்னொரு வரி எழுதினான்: போர் வரி, கேலனுக்கு ஐம்பது காசு.

பத்து மணிக்குள் வரிசை பாலத்தைத் தாண்டிவிட்டது. முதல் ஆளாகக் குடை பிடித்துக்கொண்டு பீர் முகம்மது நின்றார். முனையில் துணிக்கடை வைத்திருப்பவர். இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூடப் பம்புப் பக்கம் வராதவர்.

“விலை ஏறிப்போச்சு, பாய்.”

“அதான் தம்பி வந்தேன். உங்கிட்ட ஒண்ணும் இல்லைன்னுல்ல நினைச்சிருந்தேன். இல்லாத சரக்குக்கு எவனாச்சும் வரி போடுவானா?”

பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

வரியை நூறு காசாக, ஒரு முழு வெள்ளியாக்கினான். நாளைக்கு இரண்டாகிவிடுமோ என்று பயந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு எதிர் குவார்ட்டர்ஸ் மாரியாயி அவித்த கிழங்கு விற்க ஆரம்பித்தாள். வாத்தியார் தயவில் பிழைக்கிறேன் என்று சொல்லி அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். இதற்கிடையே செந்தூல் பம்புக்காரர் காதுக்கு விஷயம் போயிற்று. தனக்கு மட்டும் உத்தரவு வந்து சேரவில்லை என்று அவர் நடுங்கிப்போய்த் தன் பலகையிலும் போர் வரி எழுதினார். அவரைப் பார்த்துக் காஜாங்காரர் எழுதினார். புதன்கிழமைக்குள் சிலாங்கூர் மாநிலம் முழுக்க அந்த வரி பரவிவிட்டது.

வியாழக்கிழமை காலை லோரிக்காரர்கள் கூட்டமாக நாகையாவிடம் வந்தார்கள். வரியைக் குறைக்கச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு மனுப் போட வேண்டும், படித்தவர் நீங்கள்தான் எழுதித் தர வேண்டும் என்றார்கள். மாட்டேன் என்றால் சந்தேகப்படுவார்கள். எழுதிக் கொடுத்தான். நல்ல மனு. எழுதி முடித்தபோது அந்த வரி அவனுக்கே அநியாயமாகப் பட்டது.

பதில் அன்றைக்கே வந்தது. வரி பற்றி விசாரிக்கவும் டேங்கைப் பார்வையிடவும் அதிகாரி மறுநாள் நேரில் வருகிறார்.

சீதாலெட்சுமி கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தாள். அழவில்லை. எட்டு கேலன் எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள். நாலு குடம் வரும் என்றான்.

“அப்ப நாலு குடத்துக்கு வழி பாருங்க.”

பீர் முகம்மதுவின் கோழிக்கூண்டுக்கு அடியில் நாலு கேலன் பெட்ரோல் டின் இரண்டு புதைந்து கிடப்பது தெருவுக்கே தெரியும். அதிகாரிகளுக்கு மட்டும் தெரியாது. வீட்டில் இவ்வளவு வைத்துக்கொண்டு வெயிலில் ஏன் வரிசையில் நிற்கிறீர்கள் என்று நாகையா கேட்டான்.

“வீட்டுல அரிசி இருந்தா நீ பாசாருக்குப் போக மாட்டியா?” என்றார் அவர்.

ஜப்பான் நோட்டு அவருக்கு வேண்டாம். நோட்டை எண்ணி முடிப்பதற்குள் அதன் மதிப்புக் குறைந்துவிடுகிறது என்றார். பேசிக்கொண்டே அவருடைய பார்வை வாசலுக்குப் போய்த் தையல் மிஷின்மேல் நின்றது. சீதாலெட்சுமி பாதி தைத்த ரவிக்கையை ஊசியிலிருந்து உருவி எடுத்து மடித்தாள்.

“கொண்டு போங்க, பாய்,” என்றாள்.

சாயந்திரம் இடுப்பில் பெட்ரோல் குடத்தோடு அவள் பாய் வீட்டிலிருந்து பம்புக்கு வரிசையை ஒட்டியே நான்கு தரம் நடந்தாள். டேங்கைக் கழுவுகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு நாகையா ஊற்றினான்.

மூன்றாவது நடையில் தம்புசாமி மறித்தான். “அக்கா, ஒரு வாய் தண்ணி ஊத்துங்க. தொண்டை காஞ்சு போச்சு.”

“டேங்கு கழுவற தண்ணி. குடிச்சா வயித்தால போகும்.”

“இந்த ஊர்ல எதைக் குடிச்சாலும் போகுதே,” என்று சொல்லிவிட்டு அவன் பீடியைப் பற்றவைக்கப் போனான். அவள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். காரின் பின்பக்கம் பீப்பாய் அளவுக்கு ஒரு கரியடுப்பு புகைந்துகொண்டிருந்தது. கார் ஓடுவது அந்தக் கரிப்புகையில். ஓட்டிவந்தவர் கிஃபாயத்துல்லா. நாகப்பட்டினத்துக்காரர், ஜப்பான் பாஷை கற்றுக்கொண்டவர். வரிசை மொத்தமும் குனிந்து வணங்கிப் பத்தடி பின்வாங்கியது.

அதிகாரி முதலில் பலகையைக் காட்டிக் கத்தினார். யார் போட்ட வரி இது என்று கேட்கிறார் என்பது பாஷை தெரியாமலே புரிந்தது. நாகையா குனிந்தபடியே இருந்தான். கத்தி முடித்த பிறகு, வந்ததற்கு அதையும் பார்த்துவிடுவோம் என்பதுபோல் அளவுகோலை வாங்கி டேங்குக்குள் விட்டார்.

கோல் நனைந்து வந்தது.

அதிகாரி அதைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். மறுபடியும் விட்டு எடுத்தார். ஜப்பான் அதிகாரி ஒருவர் வாயைப் பிளந்து நிற்பதை நாகையா அன்றுதான் பார்த்தான். அவர் சிரித்தார். அவன் தோளில் தட்டினார். வரியைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை இல்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஏதேதோ கேட்க ஆரம்பித்தார். கிஃபாயத்துல்லா தலையை நிமிர்த்தாமல் தமிழில் சொன்னார்.

“பேரு, வயசு கேக்கிறாரு.”

“நாகையா. இருபத்தெட்டு.”

“காய்ச்சல், இருமல் ஏதாச்சும் உண்டா?”

“ஒண்ணும் கிடையாது.”

“பாரம் தூக்குவீங்களா?”

இதைவிடப் பெரிய பம்புதான் கொடுக்கப் போகிறார்கள் என்று நாகையாவுக்குத் தோன்றியது. கிள்ளான் துறைமுகத்தில் ஒன்று இருந்தது. பீப்பாய்களை உருட்ட வேண்டியிருக்கும்.

“அரிசி மூட்டையே தூக்குவேன்னு சொல்லுங்க.”

அதிகாரி எழுதிக்கொண்டார். கையை நீட்டி அட்டையைக் கேட்டு வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். புது அட்டை தருவார்கள் என்று நாகையா நினைத்தான். டெலிபோன் செய்ய அதிகாரி ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தார். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சீதாலெட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பல நாட்களுக்குப் பிறகு, இலேசாகச் சிரித்தாள்.

நாகையா காருக்குப் பின்னால் போனான். கிஃபாயத்துல்லா அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“எந்த ஊர்ப் பம்பு கொடுப்பாங்க, அண்ணே?”

கிஃபாயத்துல்லா ஒரு கை கரியை அள்ளி அடுப்பில் போட்டுவிட்டு அவனைப் பார்த்தார்.

“பெட்ரோல் இருக்கிற பம்புல பட்டாளத்துக்காரன்தான் நிப்பான், தம்பி. விலைப் பலகையைக் காட்டிக்கிட்டு நிக்கிறதுக்கு, காலிப் பம்புல மட்டும்தான் உங்கள மாதிரி ஆளுங்களை வெச்சிருக்காங்க.”