அலறல் கேட்காத மருத்துவமனை

மனிதகுலத்தின் வாய் இன்று பத்திரமான கைகளில் இருக்கிறது. இதை அடித்துச் சொல்லலாம். அந்தக் கைகள் பல்லைத் தொடுவதில்லை. தரத்தை மட்டுமே தொடுகின்றன. பல் மருத்துவமனைகளின் தரத்தையும் பாதுகாப்பையும் மதிப்பிடும் வாரியத்தின் முதுநிலை ஆய்வாளர் அப்படிப்பட்ட கைகளுக்குச் சொந்தக்காரர். பல் மருத்துவரின் நாற்காலியில் ஆயுளில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அவருடைய 'நடுநிலைமை'க்கு வேறென்ன சான்று வேண்டும்?

அன்று காலை அந்த நடுநிலைமையின் இடது கன்னம் வீங்கியிருந்தது.

வண்டியை விட்டு இறங்கும்போதே மனைவி போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, பல் டாக்டர்கிட்டதானே போறீங்க? அப்படியே அந்தக் கடைவாய்ப் பல்லையும் காட்டிட்டு வந்துடுங்களேன்."

"நான் ஆய்வு பண்ணப் போறேன்டி. வாயைப் பொளந்துக்கிட்டுப் படுக்கப் போகல."

"வாயில இருக்கிற கிராம்பையாவது துப்பிட்டுப் போங்க. பேச்சு குழறுது."

துப்பினால் சுகாதார விதிமீறல். விழுங்கிவிட்டு உள்ளே நுழைந்தார்.

நுழைந்தவர் மெய்ம்மறந்து நின்றார். தரையில் முகம் பார்க்கலாம். பார்த்தார், வீக்கம் தெரிந்தது, சட்டென்று நிமிர்ந்துகொண்டார். சிகிச்சை நாற்காலி வாங்கி வந்த நாளின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் புதுப்பெண்ணைப் போலத் தலைகுனிந்திருந்தது. எச்சில் துப்பும் தொட்டியில் ரோஜாச் செடி. குறடுகள் எல்லாம் முத்திரையிட்ட உறைகளுக்குள் நிம்மதியாகத் தூங்கின.

"தொற்று?" என்றார்.

"எங்கிருந்து சார் வரும்? உங்க ஆய்வுக்காக ரெண்டு மாசமா ஒரு பல்லைக்கூடத் தொடல" என்றாள் டாக்டரம்மா.

"விபத்து?"

"நாற்காலியில யாரையும் உட்கார விட்டாத்தானே!"

ஆய்வாளருக்குப் புல்லரித்தது. "நோயாளி யாராவது இருக்காங்களா? திருப்தியைக் கேக்கணும்."

வரவேற்புப் பெண் ஓரத்திலிருந்த பெரியவரை முன்னே தள்ளினாள். அவர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

"உங்களுக்கு என்ன தொந்தரவு?"

"தொந்தரவெல்லாம் இல்லீங்க. நான் இவ சித்தப்பா."

"சேவை திருப்தியா?"

"ரொம்ப. ஏசி ஜில்லுன்னு இருக்கு."

'அலறல்: இல்லை' என்று ஆய்வாளர் அழுத்தி எழுதினார். மருத்துவமனையில் அலறல் கேட்கக் கூடாது என்பதுதான் வாரியத்தின் உயிர்நாடியான விதி. அந்த விதிப்படிதான் போன மாதம் எதிர்ச்சாரியில் ஒரு பல் மருத்துவரின் கடையை மூடி சீல் வைத்திருந்தார். அங்கே எப்போதும் கூட்டம், வாளி நிறைய ரத்தப் பஞ்சு, அலறல் தெருமுனைவரை. அலறியவர்கள் போகும்போது சிரித்துக்கொண்டே போனார்கள். ஆனால் சிரிப்பைக் குறித்துக்கொள்ள விதியில் இடமில்லை.

முதல்தரச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு முடித்தார். அந்த விநாடி கடைவாயில் யாரோ கடப்பாரையை இறக்கினார்கள்.

"டாக்டரம்மா, இந்தப் பல்லைக் கொஞ்சம்..."

டாக்டரம்மா பதறிப்போனாள். "ஐயோ, குறடு உறையோட சீலைப் பிரிச்சா தரம் என்னாகிறது? தவிர, நீங்க கத்துவீங்க. 'அலறல் இல்லை'ன்னு எழுதின மைகூட இன்னும் காயல!"

"மெதுவாக் கத்துறேன்மா."

"மெதுவாக் கத்துறதும் கத்துறதுதான்னு நீங்கதானே சார் விதி போட்டீங்க?"

சித்தப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "எதிர்ல ஒருத்தர் இருந்தாருங்க, தங்கமான கை. பாவம், எந்தப் புண்ணியவானோ வந்து மூடிட்டுப் போயிட்டான்."

புண்ணியவான் கன்னத்தைப் பொத்திக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினார். மூடிய ஷட்டரின் முன்னால், படியில் உட்கார்ந்து, வருகிற நோயாளிகளைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார் அந்த மருத்துவர். ஆய்வாளர் நேரே அவர் முன்னால் போய் வாயைத் திறந்தார். மருத்துவர் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்.

"சொத்தை. முத்திப்போச்சு. அஞ்சு நிமிஷ வேலை சார்."

"அப்ப எடுத்துடுங்க!"

"குறடு உள்ள இருக்கு. சீலை உடைச்சா ஜெயிலு."

"என் சீல்தானே? நானே உடைக்கிறேன்!"

"மறு ஆய்வு பண்ணாம உடைக்கக் கூடாதாமே. உடம்பு சரியில்லாத ஆய்வாளர் பண்ற ஆய்வும் செல்லாதாமே. அன்னைக்கு எல்லாத்தையும் நிறுத்தி நிதானமா நீங்கதான் படிச்சுக் காட்டினீங்க."

ஆய்வாளர் ஆத்திரத்தில் பல்லைக் கடித்தார். அந்தப் பல்லையே கடித்தார்.

எழுந்த ஓசையில் தெருவின் ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. எதிரே ஒரே ஒரு ஜன்னல் மட்டும், தரத்தைக் காப்பாற்றிக்கொள்ள, அவசரமாகச் சாத்திக்கொண்டது.

மருத்துவர் படியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுத்தார்.

"போன மாசம் தெருவுல அலறல் கேக்குதுன்னு என் கடையை மூடினீங்க. இப்பவும் கேக்குது. யாரை சார் மூடப் போறீங்க?"