கொக்கு கம்பவுண்டருடன் வேடந்தாங்கல்

செஞ்சிக்கோட்டையை முற்றுகையிட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் கோட்டைக்குக் கொடுத்த தொல்லையைவிட, கொக்கு கம்பவுண்டர் ஒருவரே எனக்குக் கொடுத்த தொல்லை அதிகம்.

அறுபதுகளில் நான் செஞ்சி தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அவர் ஆஸ்பத்திரியில் மருந்து கலப்பவர். இருவருக்கும் ஒரே வாடகை அறை. இருமலென்று வருபவரிடம், உங்கள் ஊர் ஏரியில் என்ன பறவை இறங்கியிருக்கிறது என்று விசாரித்த பிறகுதான் மருந்து பாட்டிலைத் தொடுவார்.

ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை என்னை வேடந்தாங்கலுக்குக் கூப்பிட்டார். மறுநாள் காலை அவலூர்பேட்டையில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்று சத்தியம் செய்தார். நம்பினேன். காலையில் எழுந்து பார்த்தால், பெண் பார்க்கவென்று தைத்த வெள்ளைச் சட்டை டீத்தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

"வெள்ளைய பாத்தா கொக்கு மெரளும் தம்பி."

"கொக்கே வெள்ளைதானே சார்?"

"அது அதோட சட்ட. இது உன்னுது."

மற்ற சட்டைகள் சலவைக்குப் போயிருந்தன. ஈரத்தோடு அதையே மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஏரிக்கரையில் பேசவே கூடாது என்றார். பிறகு அவர் வாயை மூடவே இல்லை. நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் சந்து இருக்குமாம். பறவைகள் மிரளுமென்று இந்த ஊரார் தீபாவளிக்குக்கூட வெடி வைப்பதில்லையாம். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்வதால் வயலுக்கு வேறு உரமே வேண்டாமாம். அந்த உரத்தில் ஒரு பங்கு அதற்குள் என் தோளில் விழுந்திருந்தது.

வெயில் ஏறினால் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கும், அதைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கென்று வானம் மூட்டம். வெயில் வந்து, நாரை சிறகு விரித்தபோது மணி நான்கு. கடைசி பஸ் போய்விடும் என்றேன்.

"நீ போ தம்பி. குஞ்சு மூணா நாலான்னு பாத்துட்டு வந்துர்றேன்."

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீரில் இறங்கினார். நீச்சல் தெரியாத மனிதர். அவர் இடுப்பில் துண்டின் ஒரு முனை, என் கையில் மறு முனை. தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. எனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் மனதுக்குள் சொல்லி முடித்தேன்.

ஊர்க்காரர் ஒருவர் படுக்க இடம் கொடுத்தார். மறுநாள் அவலூர்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை. கம்பவுண்டரும் கூடவே வந்தார். எனக்கு முன்பே வந்து காத்திருந்த என் நைனா என்னை முறைத்தார். பெண்ணின் அப்பா என் சட்டையைப் பார்த்தார். இதுதான் வரும் நேரமா என்றார். நான் வாய் திறக்குமுன் கம்பவுண்டர் முந்திக்கொண்டார்.

"புள்ள மேல தப்பு இல்லீங்க. பஸ் இருந்துச்சு. நான்தான் ஏரில எறங்கிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாதுன்னு என்ன வுட்டுட்டுப் போவல."

பெண்ணின் அப்பா உள்ளே திரும்பி, காபி கொண்டுவரச் சொன்னார். அந்தப் பெண்தான் என் மனைவி.

கம்பவுண்டருக்குக் கடைசிக் காலத்தில் கண் மங்கிவிட்டது. நாங்கள்தான் வருஷா வருஷம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவோம். பறக்கிற பறவையின் பெயரை நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, இத்தனை வருஷத்தில் இன்னாத்த கத்துக்கிட்டே என்று என்னைத் திட்டுவார். அந்தத் திட்டுக்காகத்தான் போனோம்.