எட்டாயிரம் பேருக்கு ஆட்டுக்கறி

ஆட்டுக்கறியின் ருசியே தெரியாதவள் ஆட்டுக்கறிக் கணக்கில் இறங்கக் கூடாது. மயிலாப்பூரில் தயிர்சாதத்தில் வளர்ந்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.)

புதிய கற்கால ஊர் ஒன்றைத் தோண்டியதில் கிடைத்த எலும்புகள் என் தலையில் விழுந்தன. நாற்பது ஆடுகளுடையவை என்று பிரித்தாகிவிட்டது. அந்த மந்தை எத்தனை பேர் வயிற்றை நிரப்பியிருக்கும்? இதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு.

ஓர் ஆட்டில் எவ்வளவு கறி தேறும் என்று கேட்க, கோடம்பாக்கத்தில் கறிக்கடை வைத்திருந்த நசீர் பாயிடம் நாலைந்து முறை போனேன், துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"அந்தக் காலத்து ஆடு சின்னதா இருந்திருக்கும். எலும்பு போவ பத்து கிலோ வெச்சுக்கோ" என்றார்.

ஒருவர் ஒரு வேளைக்கு எவ்வளவு தின்பார் என்பதை மட்டும் அவரிடம் கேட்கவில்லை. அதுகூடவா எனக்குத் தெரியாது! அம்மா எனக்குப் பரிமாறிய பீன்ஸ் பொரியலைத் தராசில் வைத்தேன். ஐம்பது கிராம். நானூறு கிலோவை அதால் வகுத்தேன். எட்டாயிரம் பேர்!

கோட்டூர்புரத்தில் கருத்தரங்கம். அதில் தேறினால்தான் ஆய்வேடு எழுத அனுமதி. முன்வரிசையில் பட்டுப்புடவையோடு அம்மா. மரியாதைக்காக நான் அழைத்திருந்த நசீர் பாய், கடையைச் சாத்திவிட்டு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். "ஒரே விருந்தில் எட்டாயிரம் பேர்!" என்று கம்பீரமாக முடித்து, கறிக்கடை நசீர் பாய்க்கு நன்றியும் சொன்னேன். பாய் எழுந்தார்.

"எம்மா, ஆளுக்கு எவ்ளோ வெச்ச?"

"ஐம்பது கிராம்."

"அம்பதா? பல்லு இடுக்குல மாட்டிக்கவே பத்தாதேம்மா!"

அரங்கம் அதிர்ந்தது. உட்கார்ந்துவிடுவார் என்று நம்பினேன். எங்கே!

"அப்பால, நாப்பதையும் ஒரே நாள்ல வெட்டிட்டா அடுத்த வருசம் குட்டி எது போடும்?"

சிரிப்பு நின்றது. என் வழிகாட்டிப் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "இதையெல்லாம் அவர்கிட்ட முன்னாடியே கேட்டிருக்கலாமேம்மா?"

அந்த நிசப்தத்தில் அம்மாவின் ரகசியக் குரல் கடைசி வரிசைவரை கேட்டது: "ஏன்டி, லைப்ரரிக்குப் போறேன்னு சொல்லிண்டு கறிக்கடைக்கா போயிண்டிருந்தே?"

ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் வீட்டுக்குத் தராசைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி பரிமாறப் பரிமாற, ஒவ்வொரு தட்டையும் பிடுங்கி எடை போட்டேன். (பசியோடு உட்கார்ந்திருப்பவர் தட்டைப் பிடுங்குவது எவ்வளவு ஆபத்து என்று அங்கேதான் தெரிந்தது.) குட்டி போட வேண்டியவற்றை விட்டுவிட்டு, மாதம் ஓர் ஆடு என்று கணக்குப் போட்டதில், என் எட்டாயிரம் பேரும் மூன்று குடும்பமாகச் சுருங்கினார்கள். பட்டமும் கிடைத்தது.

மானம்தான் திரும்பவில்லை. தி. நகரில் நடந்த தம்பி கல்யாணத்தில், எத்தனை இலை போடலாம் என்று சமையல்காரர் தெரியாத்தனமாக என்னைக் கேட்டுவிட்டார். அம்மா எங்கிருந்தோ பாய்ந்து வந்தாள்.

"ஐயோ, அவள்ட்ட கேக்காதீங்கோ! பத்து பேர் சாப்பாட்டுக்கு ஊரையே ஒக்கார வெச்சுடுவா!"

முதல் ஆளாகச் சிரித்தவர், குடும்பத்தோடு வந்திருந்த நசீர் பாய்.