டோக்கனுக்கு நான் வைத்த சுருக்கொப்பம்

சேசு மரி சூசை துணை

சோளக்காடு,
புதன்கிழமை

அன்புள்ள மருமகள் பிரிசில்லாவுக்கு, மலைமேலிருந்து மாமா சூசைமாணிக்கம் எழுதுவது. இங்கே மழையும் என் முட்டிவலியும் நலம். அங்கே நீயும் உன் கம்ப்யூட்டர் வேலையும் நலமாயிருக்க மன்றாடுகிறேன்.

தோட்டக்கலை ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவன், இந்த வாரம்தான் திணறிப் போனேன். எங்கள் மலையின் திண்ணனூர் நாட்டு ஊர்களில் வாடல் நோயால் மிளகுக்கொடி பட்டுப்போன இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் விவரத்தை டேப்லெட்டில் ஏற்றினேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சென்னை போய்ச் சேர்ந்தால்தான் அவர்களுக்குப் புதுக் கன்று, இல்லையென்றால் அடுத்த வருஷம்தான். ஒன்றுகூடச் சேரவில்லை. பட்டியலில் முதல் பெயர்க்காரி ராமாயி தினமும் வந்து நிற்கிறார். "ஏனுங்க சார், எங்கூட்டுப் பேரு போயிருச்சுங்களா?"

எங்கள் ஆபரேட்டர் ராதிகாதான் கண்டுபிடித்தாள். நான் அனுப்பும் விவரத்தோடு, லாகின் செய்யும்போது சென்னையிலிருந்து எனக்குக் கிடைக்கும் டோக்கனும் போகிறதாம். சென்னை மெஷின் அதைப் பிரித்து, அனுப்பியது யார், எந்த ஊர் என்று பார்த்துத்தான் உள்ளே விடுமாம். பேங்கில் கொடுக்கிற டோக்கன் மாதிரி இல்லை, வாயில் நுழையாத இங்கிலீஷ் எழுத்து நாலு வரி, இடையில் இரண்டு புள்ளி, ஆக மூன்று துண்டு. நடுத்துண்டை அவள் பிரித்ததும் அதற்குள்ளிருந்து என் பெயர் எழுந்து வந்தது பார், மெய்சிலிர்த்துவிட்டது. பதவியும் சரி. ஊர் மட்டும் ஏற்காடு. நான் இருப்பதோ கொல்லிமலை. விவரங்களில் உள்ள ஊரோடு அது ஒத்துவராததால் அத்தனையும் வாசலோடு திரும்பியிருக்கின்றன.

ஆபீஸில் தப்பு வந்தால் என்ன செய்வோம்? அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்போம். "அப்படிச் செய்யக் கூடாதுங்க சார்" என்று ராதிகா தலையில் அடித்துக்கொண்டாள், நான்தான் கேட்கவில்லை. ஏற்காட்டைக் கொல்லிமலையாக்கி, கடைசியில் சூ.மா. என்றும் போடவைத்து அனுப்பினேன். கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது: கையொப்பம் பொருந்தவில்லை. மூன்றாவது துண்டுதான் கையொப்பமாம். நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டாலும் அதற்குத் தெரிந்துவிடுமாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யாரும் மாற்ற முடியாது. என் சுருக்கொப்பத்தை இத்தனை வருஷத்தில் ஒரு அதிகாரியும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இது பார்த்தது. கும்பிட வேண்டும் போலிருந்தது எனக்கு.

ஆனாலும் ஊர் விஷயத்தில் பொய் சொல்கிறது. சென்னையில் உனக்குத் தெரிந்தவர்களிடம் பேசி, நீதான் அதற்குப் புத்தி சொல்ல வேண்டும்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

மாமா சூசைமாணிக்கம்

பி.கு.: யாரிடமும் பேசாதே. இதைத் தபாலில் போடப் போனபோது, நாமக்கல் பஸ்ஸிலிருந்து கிருஷ்ணகுமாரி என்ற அம்மாள் இறங்கினார், கையில் என் மாறுதல் உத்தரவு. போன மாதமே என்னை ஏற்காட்டுக்கு மாற்றிவிட்டார்களாம், காகிதம்தான் மலையேறவில்லை. இனி இந்த ஊர் அவர் பொறுப்பு. அவர் லாகின் செய்து அதே விவரங்களை அனுப்பினார், இருநூற்றுப் பன்னிரண்டும் ஆறே நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தன. ராமாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப இத்தன நாளா வழிய மறிச்சுட்டு நின்னது நீங்கதானுங்களா சாமி?" என்றார். ஆமாங்க என்றேன்.