அப்பா தண்ணீர் ஊற்றிய சுவர்

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

அண்ணன் மகள் பணிவுடன் எழுதுவது. நீங்களும் சித்தியும் நலமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த பஸ்ஸில் வந்து அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போங்கள்.

எங்கள் அகழாய்வுக் களத்தில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய செங்கல் சுவர் கிடைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அதை ஊர்மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். அது ஒழுங்காக நடந்தால் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். அதைப் பார்க்கத்தான் அப்பாவை வரச் சொன்னேன். முதல் நாள் சுவரின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் நான் பானை ஓடுகளுக்கு எண் எழுதிக்கொண்டிருக்கையில் பள்ளத்தில் சளசளவென்று சத்தம், எட்டிப் பார்த்தால் அப்பா வாளியும் குவளையுமாகச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார், பாதிச் சுவருக்கு ஈரச்சாக்கு வேறு போர்த்தியாகிவிட்டது, என்னப்பா இது என்றால், "இப்படி வெயில்ல காயப்போட்டா வெடிச்சிடும்மா. இங்க ஒருத்தனுக்கும் கொத்தனார் தொழில் தெரியல" என்கிறார், அதற்குள் அதிகாரி ஓடி வந்துவிட்டார், நான் சல்லடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

"ஐயா, ஊத்தாதீங்க. கல்லுக்கு நடுவுல இருக்கறது களிமண்ணு, கரைஞ்சிடும்."

"சிமென்ட் இல்லையா?"

"கிடையாது."

"சுண்ணாம்பு?"

"அதுவும் கிடையாது."

அப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டார். "வெறும் மண்ண வச்சா இத்தனை காலம் நிக்குது? நான் கட்டுனதெல்லாம் இருபது வருஷத்துல உதிருதே" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்படியொரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

அதோடு விட்டாரா? இன்று காலை அதிகாரியைக் கூப்பிட்டு, "சார், இது ரெண்டு ஆள் வேலை. இடப்பக்கம் கட்டுனவன் பொறுமைசாலி. வலப்பக்கத்து ஆளுக்கு அவசரம், மண்ண அள்ளி அப்பியிருக்கான். அச்சு அசல் என் தம்பி" என்றார். மன்னியுங்கள், சொன்னதைத்தான் எழுதுகிறேன். அந்தப் பக்கம் வெள்ளத்தில் சாய்ந்தது என்று பலகை அச்சடித்து வைத்திருப்பவரிடம், "வெள்ளமெல்லாம் இல்ல சார், கைதான்" என்கிறார். அதிகாரி அப்படியே திரும்பி அறைக்குப் போய்விட்டார். என் வேலை அவ்வளவுதான். உடனே வாருங்கள்.

சித்திக்கு வணக்கம். இந்த வாரம் உங்கள் ஆசி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

பணிவுடன்,
மகள்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அதிகாரி கூப்பிட்டார். மத்தியானம் முழுக்கச் சுவரை அளந்தாராம். "உங்கப்பா சொன்னதுதான் சரிம்மா. அடியிலேர்ந்து மேல வரைக்கும் வலப்பக்கம் கல்லுக்கு நடுவுல மண்ணு ஒரே மாதிரி தடிப்பா இருக்கு. வெள்ளம் அப்படிச் செய்யாது. பலகைய மாத்தணும், நீங்களே எழுதிடுங்க" என்றார். வேலையும் நிரந்தரமாம். ஆகவே அப்பாவை அழைத்துப் போக வராதீர்கள், சுவரைப் பார்க்க வாருங்கள். 'இருவர் கட்டிய சுவர்' என்றுதான் எழுதியிருக்கிறேன், உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை அப்பா வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் வாயாலேயே சொல்லிக்கொண்டிருக்கிறார்.