ஆனைப்புளி சார் மறைத்து வைத்த ரிசல்ட்

வெட்கம் என்ற ஒன்று இல்லாமலே பிறந்த ஒரே மனிதர் எங்கள் ஆனைப்புளி சார்தான். அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் வெட்கப்பட்டேன்.

திண்டிவனம் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. அவர் கெமிஸ்ட்ரி, நான் தமிழ். வளாகத்தில் ஓர் ஆனைப்புளி மரம் உண்டு. ஆப்பிரிக்கச் சாதி. நாலு பேர் கை கோத்தாலும் அடங்காத அடிமரம். அதன் ஒவ்வொரு பாகத்தையும் லேபில் பரிசோதித்து, என்ன சத்து என்று பார்த்து, அகப்பட்டவர் வாயில் போடுவதுதான் அவருக்குப் பிறவிப் பயன்.

விழுப்புரத்திலிருந்து இருவருக்கும் ஒரே பஸ். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாலும் விடமாட்டார்.

"இலைப்பொடி மேடம். கால்சியம் கொட்டிக் கெடக்குது. முட்டிவலிக்கு நல்லது, வாயத் தொறங்க."

என் முட்டிவலி கண்டக்டர் வரைக்கும் தெரிந்துபோனது. இன்னொரு நாள் வறுத்த விதை. "புரோட்டீன், எண்ணெய் ரெண்டும் இருக்குது. மல்லாட்டை மாதிரியே இருக்கும்" என்றார். மென்று பார்த்தேன். வேர்க்கடலை மாதிரி இல்லை.

பிரின்சிபாலுக்குச் சளி பிடித்தபோது, வைட்டமின் சி என்று பழத்தின் வெள்ளை மாவை அவர் டீயில் கலக்கிவிட்டார். பால் திரிந்து கட்டிகட்டியாக மிதந்தது. "ஆசிட் எவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்குது பாருங்க சார்" என்று பூரித்தார் நம்மவர். கூடப் போன பாவத்துக்கு நான் புடவைத் தலைப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வினை அவர் வாயாலேயே வந்தது. ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, "இந்த மரத்துல வீணுன்னு ஒண்ணுமே இல்ல. இலை, விதை, பட்டை, எல்லாம் தங்கம்" என்று முழங்கினார். பிள்ளைகள் ரீல்ஸ் போட்டார்கள். அதில் தட்டில் பழம் ஏந்தி நிற்பது நான்தான். கரஸ்பாண்டன்ட் காதில் தங்கம் மட்டும் விழுந்தது. அடுத்த வாரமே ஒரு மரக்கடைக்காரரோடு மரத்தடியில் வந்து நின்று எங்களைக் கூப்பிட்டார்.

"இந்த ஜாதிய நா அறுத்ததில்லீங்க. உள்ள வைரம் பாஞ்சிருக்குமா?" என்றார் கடைக்காரர்.

"இவரக் கேளுங்க. இவருதான் அத்தாரிட்டி" என்றார் கரஸ்பாண்டன்ட்.

சார் மரத்தை ஒருமுறை பார்த்தார்.

"வைரமெல்லாம் கெடையாதுங்க. உள்ள பூரா தண்ணி. மிச்சம் பஞ்சாட்டம் நாரு. பலகை நிக்காது."

"வெட்டுக்கூலிக்கே கட்டாதுன்றீங்க?"

"கட்டாதுங்க. எதுக்கும் ஆவாத மரம்."

கடைக்காரர் வண்டியைக் கிளப்பிவிட்டார். "இத்தையா மைக்குல அப்படிப் புகழ்ந்தீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டுக் கரஸ்பாண்டன்ட்டும் போய்விட்டார்.

மரம் பிழைத்தது. "நல்ல பொய் சார்" என்று சிரித்தேன்.

"பொய்யில்ல மேடம். அடிமரத்தையும் டெஸ்ட் பண்ணியிருக்கேன். அந்த ரிசல்ட்ட மட்டும் யாராண்டையும் சொல்லாம வெச்சிக்கினு இருந்தேன்."

பெற்ற பெண்ணின் குறையைச் சம்பந்தி வீட்டில் தானே போட்டு உடைத்த தகப்பன் மாதிரி நின்றார். காதெல்லாம் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு மரத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. மத்தியானம் சோறும் இறங்கவில்லை.

இத்தனை வருஷம் அவர் பக்கத்தில் நிற்கவே கூசியவள் நான். அன்றைக்குக் கடைசி மணி அடித்த பிறகும் அவரைத் தனியாக விட்டு எழுந்து போக எனக்கு மனசு வரவில்லை.