மங்கி குல்லா ஆசாமிக்கு வயது எழுபது அல்ல

மாலைப் பத்திரிகை ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே யாரும் சுகமாக இல்லை. அதற்குப் பாதிக் காரணம் திருடர்கள், மீதிக் காரணம் தங்கள் பத்திரிகை.

சென்ற செவ்வாய்க்கிழமை மூன்றாம் பக்கத்தில் "குடியிருப்பில் மங்கி குல்லா ஆசாமி நடமாட்டம்: மக்கள் பீதி" என்று தலைப்பிட்டு, கேமராவில் பதிந்த படத்தையும் போட்டு, "சுமார் எழுபது வயது மதிக்கத்தக்க, கூன் விழுந்த நபர்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த நபருக்கு ஐம்பத்து நான்கு வயது. கூன் கிடையாது; குனிந்து தென்னை மட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்த நபர் நான்தான்.

என் பெயரும் ஊர்ப்பெயரும் இங்கே வேண்டாம். களியக்காவிளைப் பேருந்தில் வந்து, சர்ச் தாண்டி, அண்டி ஆபீஸ் என்று சொல்லப்படும் பழைய முந்திரி ஆலை நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே தெரியும் காலனி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. கட்டியவர்கள் குவைத்திலும் கனடாவிலும் இருக்கிறார்கள். மார்பிள் தரையில் பல்லி குடித்தனம் நடத்துகிறது. மிச்சமிருப்பவர்கள் என்னைப்போல எங்கும் போக வழியில்லாதவர்கள். மழைக்காலம் தொடங்கியபோது, தனியாக இருக்கும் ஞானபாய் டீச்சர் பால் வாங்கிவிட்டு வருகையில் பைக்கில் வந்த இரண்டு பேர் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். காயம் ஆறிவிட்டது, டீச்சர் இன்னும் கேட்டைத் தாண்டி வருவதில்லை. கம்பிக்கு நடுவே கையை நீட்டித்தான் மீன் வாங்குகிறார்.

இதற்காக நலச்சங்கம் கூடியது. ஆளுக்கொரு நாள் தெருவைச் சுற்றிவருவோம் என்று நான் சொன்னேன். தலைவர் பிரைட்டன், சவூதியில் சேஃப்டி ஆபீசராக இருந்தவர் (ஹெல்மெட் எடுத்துக் கொடுக்கும் வேலை என்று கேள்வி), சிரித்தார். "சாறே, நிங்க எந்தக் காலத்துல இருக்கிய? வயசான காலத்துல கம்பும் பிடிச்சிட்டு நடக்கப் போறியளா? கேமரா வச்சா அது ஒறங்காது, பாத்துக்கிடுங்க." எல்லோரும் கைதட்டினார்கள். பொருளாதாரத்தில் எம்.ஏ. முதல் வகுப்பில் தேறிய என்னை ‘வயசான காலத்துல’ என்றவர் என்னைவிட மூத்தவர். அவருடைய ஞானஸ்நானத் தேதியை சர்ச்சில் விசாரித்துவிட்டேன்.

ஆகவே நான் தனியாகவே இறங்கினேன். ஒரு வீட்டில் ஆளில்லை என்று திருடனுக்குச் சொல்லிக் கொடுப்பது பூட்டு அல்ல, தென்னை. ஆளிருக்கும் வீட்டில் தேங்காய் விழுந்த சத்தம் அடங்குமுன் எடுத்துவிடுவார்கள். முற்றத்தில் தேங்காயும் மட்டையுமாகக் கிடந்தால் வெளிநாட்டுக்காரன் வீடு என்று எழுதி ஒட்டியது போலத்தான். விடியுமுன் எழுந்து, பூட்டிய வீடுகளின், தாழ் மட்டும் போட்ட கேட்டைத் திறந்து, மட்டையைப் பின்பக்கம் இழுத்துப் போட்டு, தேங்காயைச் சாக்கில் அள்ளி அந்தந்த வீட்டுக் கிணற்றடியில் மறைத்துவைத்து, வாசல் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு தேங்காய்கூட என் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. (என் மனைவி ஜெபகுமாரி இதை இன்னும் மன்னிக்கவில்லை.) கேமரா எங்கெங்கே இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, பிரைட்டனோடு நான் பேசுவதில்லை.

அந்த வீடியோ வாட்ஸ்அப் குழுவில் வந்த காலையில், திறந்து பார்க்குமுன், மேலே "தேங்காய்க் கள்ளன்" என்று எழுதியிருந்ததை மட்டும் வாசித்துவிட்டு, "தயவு தாட்சண்யமின்றி நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று முதலில் எழுதியவன் நான். அந்தக் குழுவில் எனக்கு முதன்முதலாகப் பாராட்டு வந்தது அன்றைக்குத்தான். பிறகு வீடியோவைத் திறந்தேன். "மூஞ்சிய பாருங்க, கள்ளக் களை" என்று ஒருவர். "நம்ம பக்கத்துக்காரன் இல்ல, அஞ்சுகிராமம் பக்கம் உள்ள ஆளு, நடையில தெரியுது" என்று இன்னொருவர். நான் இந்தக் காலனிக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. ஆசிரியர் அவர்களே, ஒருவர், ஒரே ஒருவர்கூட என்னை அடையாளம் காணவில்லை. ஜெபகுமாரி மட்டும் ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இஞ்ச பாருங்க, இது நிங்கல்லா? சர்ச் ஸ்டால்ல நான் வாங்கித் தந்த குல்லால்லா இது?" என்றாள்.

இத்தோடு முடிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன். தங்கள் செய்தி வந்த மறுநாள் காலையில் இஞ்ஞாசி வந்தார். மொபெட்டில் மீன் கொண்டுவருகிறவர். கடற்கரையிலிருந்து இருட்டோடு கிளம்புவதால் மங்கி குல்லா போடுவார். தங்கள் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு பிரைட்டன் வண்டியை மறித்தார்.

"ஏலே, குல்லாய கழட்டு. இருட்டுல தேங்கா, வெளிச்சத்துல மீனா?"

"இதென்ன கூத்து சாறே! குளிருக்குக் குல்லா வச்சது ஒரு குத்தமா? வண்டிய விட்டு நான் எறங்கினா மீன பூனை கொண்டு போவும். நான் எங்க தேங்கா பெறக்கப் போவேன்?"

கூட்டம் கூடிவிட்டது. பிரைட்டன் என் பக்கம் திரும்பி, "சாறே, நிங்க படிச்ச ஆளு. சொல்லுங்க, இவன்தானே?" என்றார். இஞ்ஞாசியும் என்னைத்தான் பார்த்தார். நான், "குல்லாக்களின் ஒற்றுமையை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது" என்றேன். "கேட்டியளா, ஒத்துமை இருக்காம், சாறே சொல்லியாச்சு!" என்று சத்தம் எழும்பியது. அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. இஞ்ஞாசியைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அடிக்கவில்லை, தினமும் காலையில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். கடற்கரையில் மீன் ஏலம் போகிற அதே நேரத்தில் மனுசன் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு எங்கே மீன், எங்கே பிழைப்பு? ஞானபாய் டீச்சர் கம்பிக்கு நடுவே கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொள்கிறார்.

ஆகவே, இஞ்ஞாசி குற்றமற்றவர் என்றும், படத்தில் இருப்பவர் மரியாதைக்குரிய வேறொரு நடுத்தர வயதுப் பட்டதாரி என்றும், அவருக்குக் கூன் இல்லை என்றும் அதே மூன்றாம் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டாரையும் அச்சுக்கூடத்தாரையும் கள்ளர் கைக்கும் கேமரா கண்ணுக்கும் கர்த்தர் விலக்கிக் காப்பாராக.

இங்ஙனம்,
உண்மை தெரிந்தவன்

பி.கு.: மேலே உள்ளதை ஜெபகுமாரி வாசித்தாள். "பேரில்லாம போட்டா எவன் நம்புவான்? இஞ்ஞாசி ஆள வச்சு எழுதினாருன்னுல்லா சொல்லுவானுவ. எம்.ஏ.ன்னு இருக்கு, என் பேரு இருக்கு, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் இருக்கு. பொறவு என்னத்த ஒளிச்சு வைக்குதீங்க?" என்றாள். தெரிவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு, ஒப்புக்கொண்டால் பிரைட்டன் சிரிப்பார் என்றேன். அவள் மேசையிலிருந்த உறையை எடுத்தாள். "பேரு மட்டும் எழுதத் தெரிஞ்ச மனுசன் தெனமும் போயி கையெழுத்து போடுதாரு. உங்களுக்கு ஒண்ணு போட கை வராது, இல்லியா?" என்று சொல்லி, உறையின் பின்னால் அனுப்புநர் என்று என் பெயரைத் தானே எழுதிவைத்துவிட்டு சர்ச்சுக்குப் போய்விட்டாள்.

அவள் சொல்வது நியாயம்தான். வேறு உறை எடுத்துக்கொண்டேன். கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.